வீமனுக்குப் பத்தியம்

எமது வீட்டு நாயின் பெயர் வீமன். நீர்வேலியில் எமது வளவுக்கு இரண்டு வேலி தள்ளியிருக்கும் வீட்டார் கொடுத்த குட்டி அது. வந்த முதல் நாளே, ஒரு கோப்பை பாற்சோற்றை மூச்சு விடாமல் உண்டு முடித்துவிட்டு, கோப்பையையும் கௌவிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடிய வீரத்தைக் கண்டு எமது மூத்த மகன் அந்தப் பெயரைச் சூட்டினான். பாரதத்து வீமனுக்கு விருகோதரன் என்றும் ஒரு பெயருண்டு. விருகம் என்பது ஓநாய், உதரம் என்பது வயிறு. ஓநாயின் வயிறு படைத்தவன் என்பது பொருள் என்று நாமும் தமிழாசிரியருக்குரிய பெருமையுடன் அவனுக்கு விளக்கினோம். அந்தப் பெருமை ஆறு மாதங்கூட நிலைக்கவில்லை. பெயரளவில் ஓநாய் வயிறு இருந்ததேயன்றி, உள்ளே இருந்தது ஓயாத நோயாளி ஒருவனின் வயிறு.

காலையில் விறாந்தைக் கதவைத் திறந்தால் செரியாத சோறு கக்கிக் கிடக்கும். ஒரு நாள் வயிறு இறுகும். மூன்று நாள் இளகும். காதை ஓயாது சொறிவான். முன்னங்கால்களை நக்கி நக்கி அங்கே உரோமமெல்லாம் செம்பட்டை பாய்ந்துவிட்டது. உண்பதிலோ குறைவில்லை. உண்ட பின்னர் வாழைமரத்தடியில் போய்ச் சுருண்டு கிடந்து, நம்மைக் குற்றஞ் சாட்டுவது போல ஒரு பார்வை பார்ப்பான்.

நாய்க்கென்று தனிச் சமையல் எந்த வீட்டில் நடந்தது? எமது வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. மத்தியானம் மிஞ்சிய சோறு, அதன்மேல் ஓர் அகப்பை சொதி, கறிச்சட்டியை வழித்த வழிப்பு, சில நாட்களில் இரசம். இரவில் புட்டுக்குப் பால். இடையிடையே பிள்ளைகள் கையிலிருந்து பிஸ்கோத்து. இதைவிடச் சாதுவான உணவு உலகத்தில் உண்டோ என்றுதான் நாம் எண்ணியிருந்தோம்.

அயலார் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. மஞ்சளை அவித்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். தயிர்ச்சோறு கொடுத்தால் வயிறு குளிரும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், “மாஸ்ரர், நாய்க்கு வருத்தமெண்டால் அது தானே புல்லுத் தின்னும், விடுங்கோ” என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போனார். தயிர்ச்சோற்றை நாம் ஒரு வாரம் நம்பினோம். அந்த வாரம் எப்படிக் கழிந்தது என்பதை இந்தப் பத்திரிகையைக் காலை உணவுடன் வாசிப்போர் நலன் கருதிச் சொல்லாமல் விடுகிறோம்.

இறுதியில் மிருக வைத்தியரிடம் போனோம். பேராதனையிலே பட்டம் பெற்ற அந்தப் பெண்மணி ஒரு காலத்தில் எம்மிடம் தமிழ் படித்தவர். முதலில் மலத்தைப் பரிசோதித்துப் புழுவுக்கு மருந்து கொடுத்தார். தெள்ளும் உண்ணியும் உண்டா என்று பார்த்தார். அவை நீங்கிய பின்னும் நோய் நீங்காதது கண்டு, “சேர், இவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டு வாங்கோ” என்றார். எழுதிக்கொண்டு போனோம். நாம் ஒரு காலத்தில் அவருடைய கட்டுரைகளைத் திருத்தியது போலவே, சிவப்புப் பேனாவை எடுத்து எமது பட்டியலை அவர் திருத்தத் தொடங்கினார்.

முதற் கோடு வெங்காயத்தின் மேல் விழுந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்த எமக்கு அது நெஞ்சில் கீறியது போலிருந்தது. எமது பகுதியிலே சின்ன வெங்காயம் ஒரு காய்கறியா, அது ஒரு வாழ்வல்லவா! ஆனால் நாயின் குருதிக்கு அது நஞ்சு. வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகக் கூட்டுப்பொருட்கள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. கலங்கள் உடைந்து சோகை உண்டாகிறது. அவித்தாலும், உலர்த்தினாலும், தூளாக்கினாலும் அந்தக் குணம் போவதில்லை. நாயின் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உட்சென்றாலே குருதியில் கேடு காணப்படுகிறதாம். பத்துக் கிலோ நிறையுள்ள வீமனுக்கு ஒரு கைப்பிடி வெங்காயம் போதும். அன்றாடம் சொதியில் கொஞ்சம், கறியில் கொஞ்சம் என்று போவதும் சேர்ந்து கேடு செய்யக்கூடியதே. நல்ல வேளையாக, அவனுடைய குருதியில் அப்படியொரு பெருங்கேடு நேரவில்லை என்று பரிசோதனை சொல்லிற்று.

அடுத்த கோடு பழப்புளியின் மேல். இது புதிய செய்தி. முந்திரிகைப்பழம் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தாலும், ஏன் என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 2021ஆம் ஆண்டிலே அமெரிக்க மிருக வைத்தியர் சிலர், அதற்குத் தார்த்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். அதே அமிலம் நிறைந்த புளியை உண்ட நாய்களுக்கும் அதே கேடு நேர்ந்ததை அடுத்த ஆண்டில் எழுதினர். முந்திரிகைப் பந்தலும் புளியமரமும் உள்ள எமது குடாநாட்டிலே இதை அறியாதிருந்தோமே என்று வெட்கப்பட்டோம். தேங்காய்ப் பாலும் நெய்யும் மூன்றாவது கோட்டைப் பெற்றன. கொழுப்பு மிகுந்தால் கணையம் அழற்சி கொள்ளுமாம். பட்டியலில் எஞ்சியவை சோறும் பருப்பும் பாலும் பிஸ்கோத்துந்தான்.

“இவை நஞ்சல்ல, சேர். ஆனால் இவருக்கு ஒத்துக்கொள்ளுமோ தெரியாது” என்றார் வைத்தியர். இங்கேதான் அவர் எமக்கு ஒரு பாடம் நடத்தினார். ஒத்துக்கொள்ளாமை இரு வகைப்படும். ஒன்று, செரிக்க இயலாமை. குட்டியாக இருக்கும்போது பாற்சர்க்கரையை உடைக்கும் நொதியம் நாயின் குடலில் நிறைய உண்டு. தாய்ப்பால் மறந்தபின் அது குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை குடலிற் கிடந்து புளித்து வயிற்றை இளக்குகிறது. மற்றையது ஒவ்வாமை. இது செரிமானக் குறைவன்று; உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகைவனென்று உடல் தவறாக எண்ணிப் போர் தொடுப்பது. அதனாற்றான் வயிற்றோடு நில்லாமல் காதும் தோலும் அரிக்கின்றன. 297 நாய்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, மாட்டிறைச்சி நூற்றுக்கு 34 நாய்களுக்கும், பாலுணவு 17க்கும், கோழி 15க்கும், கோதுமை 13க்கும் ஒவ்வாதிருந்ததாகக் கண்டார்கள். பாலையும் கோதுமைப் பிஸ்கோத்தையும் அன்பின் அடையாளமாக ஊட்டிக்கொண்டிருந்த நாம் வாயடைத்துப் போனோம்.

சோறு நாய்க்கு இயல்பான உணவுதானா என்று அப்போது கேட்டோம். அதற்கு அவர் சொன்ன விடை எமக்கு மிகவும் பிடித்தது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013இல் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே உண்டு. நாயிடமோ நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை காணப்பட்டன. மனிதன் உழுது பயிரிடத் தொடங்கிய காலத்தில் அவன் அடுப்படியை அண்டி நின்ற விலங்கு, அவனுடைய எச்சிற் சோற்றுக்கேற்பத் தன் வயிற்றையே மாற்றிக்கொண்டது. ஆகவே விருகோதரன் என்ற பெயர் எந்த நாய்க்கும் பொருந்தாது. அந்த வயிற்றை அது எங்களுக்காகவே கைவிட்டுவிட்டது.

எது ஒவ்வாதது என்று அறிய நம்பத்தக்க வழி ஒன்றேயொன்றுதான். அந்த நாய் இதுவரை உண்டறியாத ஒரு புரதமும், உண்டறியாத ஒரு மாப்பொருளும் மட்டும் எட்டு வாரங்களுக்குக் கொடுக்க வேண்டும். வேறு ஒரு துணிக்கையும் வாயிற் படக்கூடாது. உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை அந்தக் காலத்துக்குள் தெளிவடைந்துவிடும். பின்னர் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எதனால் நோய் மீள்கிறது என்று பார்க்க வேண்டும். புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த தனியுணவு மூடைகளில் வருகிறதாம். அதன் விலையைக் கேட்ட மாத்திரத்தில் மகனுடைய தனியார் கல்விக் கட்டணம் நினைவுக்கு வந்தது. மாற்று வழி வீட்டுச் சமையல். சைவ வீட்டு நாய் உண்டறியாத புரதம் எது? மீன். உண்டறியாத மா எது? வத்தாளங்கிழங்கு. எட்டு வாரச் சோதனைக்கு மட்டுமே இது போதும், நெடுகக் கொடுப்பதானால் சுண்ணாம்புச் சத்து முதலியன சேர்த்துத் திட்டம் போட்டுத் தருவேன் என்று வைத்தியர் எச்சரித்தனுப்பினார்.

நாற்பது வயதைத் தாண்டும்வரை மீன் வாங்கியறியாத ஒருவர் முதன்முதலாகச் சந்தைக்குப் போகும் காட்சியை வாசகர்கள் மனத்திற் கண்டுகொள்க. பக்கத்துச் சந்தையில் மாணவர் கண்ணில் படுவோமென்று அஞ்சி யாழ்ப்பாணம் சின்னக்கடைக்கே போனோம். அங்கே முதலில் எதிர்ப்பட்டவன் எமது கல்லூரிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீன் விற்ற அம்மாள், “ஐயா, குழம்புக்கோ பொரிக்கவோ?” என்று கேட்டார். “நாய்க்கு” என்றோம். அவர் எம்மை மேலுங் கீழும் பார்த்துவிட்டு, “அப்ப விளைமீனையே கேக்கிறியள்?” என்றார். கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் வேண்டுமென்பது வைத்தியரின் கட்டளை என்று விளக்க நாம் முயலவில்லை.

வீட்டிலே எமது தாயார் இருக்கிறார். வயது எழுபத்தைந்து. மீன் குசினிக்குள் வரக்கூடாதென்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். அதனால் கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, எமது மனைவியார் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மீனை உப்பின்றி அவித்து முள் நீக்கினார். வீமன் உண்டான். முதல் வாரத்திலேயே கக்குவது நின்றது.

ஆனால் தாயாருக்கு மீனைவிடப் பெரிய மனக்குறை வேறொன்று இருந்தது. “சோறு குடுக்கக் கூடாதெண்டோ? இது என்ன வைத்தியம் தம்பி? வாயில்லாச் சீவனுக்குச் சோறில்லை எண்டு சொல்லுறதோ?” என்று ஒவ்வொரு வேளையும் கேட்டார். எட்டு வாரம் மட்டுந்தான் அம்மா என்று ஒவ்வொரு வேளையும் சொன்னோம்.

பிள்ளைகள் இருவரும் ஓர் அப்பியாசக் கொப்பியிலே வரவு இடாப்புப் போலக் கோடு போட்டு, வீமன் நலமாயிருந்த நாளுக்குப் பச்சையும், வயிறு கெட்ட நாளுக்குச் சிவப்பும் இட்டு வந்தனர். ஐந்தாம் வாரத்தில் மகன் கொப்பியைக் கொண்டுவந்தான். “அப்பா, சனிக்கிழமையிலை மட்டுந்தான் சிவப்பு” என்றான். பார்த்தோம், உண்மைதான். மற்றை நாளெல்லாம் பச்சை. சனிக்கிழமைக்கும் நாயின் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த வெள்ளிக்கிழமை மாலையில் கல்லூரியால் சற்று முன்னதாக வந்தோம். ஒழுங்கை முடிவில், ஆலமரத்தின் கீழே சூலம் நாட்டிய வைரவர் கோயில் ஒன்றுண்டு. தாயார் வெள்ளி தவறாமல் அங்கே போவார். அன்று அவர் திரும்பி வந்து, படலையடியில் குந்தியிருந்து, வைரவருக்குச் சாத்திய வடைமாலையில் தமக்குக் கிடைத்த இரண்டு வடைகளையும் பிய்த்து வீமனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையிலே பாற்சோறு.

எமக்குக் கோபம் வந்தது. ஐந்து வாரத்து மீனும் கிழங்கும், சின்னக்கடைப் பயணங்களும், பிள்ளைகளின் கொப்பியும் கண்முன் வந்தன. ஒரு வாய் வேற்றுணவு பட்டாலும் சோதனை வீண். கணக்கு மீண்டும் முதலாம் நாளிலிருந்துதான். “அம்மா, நீங்கள்தான் அவனுக்கு வருத்தத்தைக் குடுக்கிறியள்” என்று சொல்லிவிட்டோம். சொல்லியிருக்கக் கூடாது.

“வைரவற்றை வாகனத்துக்கு வைரவற்றை வடை ஒத்துவராதோ?” என்று முதலிற் சிரித்தார். பின்னர் சிரட்டையை நிலத்தில் வைத்துவிட்டு, “ரைகருக்கும் நான் சோறு வைச்சிட்டுத்தானே வந்தனான்” என்றார்.

அந்தப் பெயரை எமது வீட்டில் எவரும் உச்சரித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி மாலையில், வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவை இங்குள்ள குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மழையிலும் இருளிலும் இலட்சக் கணக்கான மக்கள் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தார்கள். எமக்கு அப்போது 15 வயது. தகப்பனார் சைக்கிளில் மூடைகளைக் கட்டிக்கொண்டிருக்க, தாயார் மட்டும் அடுப்பை விட்டு வரவில்லை. ஊரே ஓடுகிறது, உனக்கென்ன சமையல் என்று தகப்பனார் அதட்டினார். வீட்டிலிருந்த அரிசி முழுவதையும் அவர் ஒரு கிடாரத்தில் வடித்திருந்தார். அதிற் கொஞ்சத்தை எமக்குப் பொதி கட்டிவிட்டு, மீதியைக் கிடாரத்தோடு பின் விறாந்தையில் வைத்து, ரைகரின் கழுத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். அது கோப்பாய்ச் சந்திவரை எங்களுக்குப் பின்னே வந்தது. சனத்துக்குள் பிறகு காணவில்லை. கைதடி வீதியிலே நெருக்கி அடித்துக்கொண்டு போகையில் திரும்பிப் பார்க்கவும் இயலவில்லை.

அடுத்த ஆண்டு, 1996 மே மாதத்தில் வீட்டுக்கு மீண்டோம். கூரையின் ஒரு பக்கம் இல்லை. பின் விறாந்தையில் கிடாரம் இருந்தது. அதற்குள் மழைத் தண்ணீரும் சருகும் நிறைந்திருந்தன. ரைகர் திரும்பி வந்து அந்தச் சோற்றை உண்டதா, காகம் உண்டதா, அது புளித்து மண்ணாயிற்றா என்பதை அந்தக் கிடாரம் சொல்லவில்லை. தாயார் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும் நாம் அறிவோம். நாயைக் கைவிட்டு வரமாட்டேனென்று சுவர்க்கத்தின் வாயிலில் தருமன் நின்ற கதையை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்கிறோம். அந்த இடத்தில் எமது குரல் ஏன் தடுமாறுகிறதென்று மாணவர் எவரும் இதுவரை கேட்டதில்லை.

அன்றிரவு நாமும் மனைவியாரும் யோசித்தோம். தாயாரைத் தடுப்பது எங்களால் ஆகாது, தடுப்பது முறையுமன்று. உணவு கொடுக்கும் கையை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்த பத்தியம் எப்படி நிற்கும்? மறுநாட் காலையில் தராசையும் கொப்பியையும் தாயாரிடமே கொடுத்து, இனி வீமனுடைய சமையலுக்கு நீங்களே பொறுப்பு என்றோம். வைத்தியரும் ஒருநாள் வந்து, திண்ணையில் அமர்ந்து, “அப்பம்மா, பிரசவித்த பெண்ணுக்கு நீங்கள் பத்தியம் காப்பதில்லையா? அதுதான் இதுவும்” என்று பொறுமையாக எடுத்துரைத்தார். பத்தியம் என்ற சொல் செய்த வேலையை எமது விஞ்ஞான விளக்கம் எதுவும் செய்யவில்லை. பிள்ளைப்பெற்று வீட்டுக்குச் சரக்கு அரைத்த கை அது. எதை எப்போது விலக்க வேண்டுமென்று அதற்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதன் பின்னர் நடந்ததை அயலார் வந்து வேடிக்கை பார்த்தனர். மீனின் மணத்துக்கு வீதியின் மறுபக்கம் போகும் எமது தாயார், கிணற்றடி அடுப்பின் முன் அமர்ந்து விளைமீனைக் குச்சியால் கிளறி முட்பார்த்தார். முடிந்ததும் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டுதான் குசினிக்குள் நுழைந்தார். பிள்ளைகள் கையிலிருந்து ஒரு பிஸ்கோத்துத் துண்டு தவறினாலும் அப்பம்மாவின் குரல் வளவெங்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை வடைகள் எமக்கும் பிள்ளைகளுக்கும் வந்தன. வைரவரிடம் இதைப்பற்றிச் சொல்லிவிட்டதாகவும், அவருக்கு மறுப்பில்லையென்றும் அறிவித்தார். கொப்பியில் பச்சைக் கோடுகள் நீண்டன. காதைச் சொறிவது குறைந்தது. கால்களில் புதிய கறுப்பு உரோமம் முளைத்தது.

பழைய உணவுகளைத் திரும்பக் கொடுத்துப் பார்த்ததில், பாலும் கோதுமையும் வீமனுக்கு ஆகாதவை என்று பின்னர் தெளிவாயிற்று. பால் கொடுத்த மறுநாளே வயிறு இளகியது. பிஸ்கோத்துக்குக் காது அரிக்க ஒரு வாரஞ் சென்றது. பருப்பு தப்பிக்கொண்டது. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாக, எட்டு வாரம் முடிந்த அன்று, முதலிற் சோதிக்க வேண்டியது எது என்று வைத்தியர் கேட்டபோது, தாயார் எம்மை முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டார்.

அன்று அவர் விடியுமுன்னே எழுந்து, வெறுஞ் சோற்றைக் குழைய வடித்து, உப்பும் இடாமல், விசிறியால் ஆற்றினார். கோப்பையில் இட்டு முற்றத்தில் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே வரவில்லை, படியிலேயே அமர்ந்துகொண்டார். வீமன் வாலை ஆட்டியபடி உண்டான். அவன் நக்கித் துடைத்துவிட்டுப் போனபின், தாயார் எழுந்து போய்க் கோப்பையைக் கையிலெடுத்து, வெளிச்சத்திற் சரித்து அதனுள்ளே பார்த்தார்.

“எல்லாத்தையும் சாப்பிட்டிட்டான் தம்பி” என்றார். கோப்பையைக் கழுவிக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்துவிட்டு, மத்தியானத்துக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.